பட்டு ஒட்டாத கை

எங்கள் வீட்டுக்குத் தறி வேலை கேட்டு ஆள் வந்தால் ஊர், பேரெல்லாம் அப்புறம்தான். முதலில் கையை நீட்டச் சொல்வோம். உள்ளங்கையில் ஒரு பட்டு இழையைப் போட்டு இழுப்போம். வழுக்கிக்கொண்டு வந்தால் ஆள் தேறினான். காய்ப்பில் மாட்டினால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவோம். காய்த்த கை பட்டால் பட்டு பிசிராகிவிடும். அப்பா காலத்திலிருந்து நடக்கிற பரீட்சை இது. என் வாழ்க்கையில் நான் பாஸான ஒரே பரீட்சையும் இதுதான். எஸ்.எஸ்.எல்.சி.யைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எழுபத்தெட்டு ஆவணியில் என் அண்ணன் சம்பந்தம் மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் வீட்டில் தறியை விட்டு நிலத்துக்கு ஓடிய ஒரே ஆள் அவர். சந்தவாசல் பக்கம் இரண்டு ஏக்கர். சாவதற்கு நாலு நாள் முன்னால்தான் சம்பா நடவு. ஆட்களோடு சேற்றில் இறங்கித் தானும் நட்டிருக்கிறார்.

காரியம் முடிந்ததும் கற்பகம் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"சுப்பராயலு, அது அவரு கையால நட்ட பயிரு. அத்த அறுத்து, அந்த அரிசியிலதான் தலைத் தெவசத்துக்குச் சோறு வடிக்கணும். அப்பறம் நெலத்த இன்னா செஞ்சாலும் சரி. அதுவரைக்கும் பார்த்துக்க ஒரு நல்ல ஆளாப் போடு தம்பி."

நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாத நான், நிலத்துக்கு மேனேஜர் எடுக்க உட்கார்ந்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். தருமன், அண்ணனிடம் ஒன்பது வருஷம் பண்ணை வேலை பார்த்தவர். சக்கரவர்த்தி, களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா.

விவசாயத்தில் என்ன கேள்வி கேட்பதென்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"கைய நீட்டுங்க."

சக்கரவர்த்தியின் கையில் இழை வெண்ணெயில் போவதுபோல் போனது. தருமன் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துவிட்டு நீட்டினார். இழை மூன்று இடத்தில் மாட்டியது. இழுத்தேன். அறுந்தது.

"இன்னா தருமா, கையா இது? இதுல வெத்தில வெச்சாக்கூடக் கிழிஞ்சிடும் போலக்கீதே!"

தறியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஜோக்குக்கு நான் சிரிக்காமல் விட்டதில்லை. தருமனும் சிரித்தார். மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

"தருமன் வேணாமா தம்பி?" என்றார் அண்ணி.

"மேனேஜர்னா ஒரு நறுவிசு வேணும் அண்ணி."

நறுவிசுக்குக் குறைவில்லை. சக்கரவர்த்தி வாராவாரம் சைக்கிளில் வந்து, "பயிரு ஜம்முனு கீதுங்க" என்பார். வயலிலிருந்து வருகிறவர் காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லையே, என்ன சுத்தம் என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

மார்கழியில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், ஏரித் தண்ணீர் முறை எங்கள் வயலுக்கு வந்தது. இரண்டே நாள். மடையைத் திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி. பனி என்று சக்கரவர்த்தி போகவில்லை. தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து அண்ணி நேரில் போய்ப் பார்த்தபோது கதிரெல்லாம் வெளுத்து, கனமில்லாமல் விறைத்து நின்றிருந்தது. அன்றைக்கு மாயமான சக்கரவர்த்தி இன்னும் வந்து சேரவில்லை.

மூன்றாம் நாள் தருமன் வந்தார்.

"அந்த ஆளு பூட்டாராமே மொதலாளி. இப்ப பட்டப் போட்டுப் பாருங்க."

கையை நீட்டினார். குழந்தையின் கைபோல் சிவந்து மினுமினுத்தது. நாலு மாசமாகச் செங்கல்லில் தேய்த்து, விளக்கெண்ணெய் தடவி வந்திருக்கிறார். மண்வெட்டியைத் தொடவே இல்லையாம். அவர் பெண்சாதி பாஞ்சாலை கூலிக்குப் போய் இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றியிருக்கிறாள்.

"வயலு காயறது உனக்குத் தெரியாதா தருமா?"

"தெரியாம இன்னாங்க? மொறையன்னிக்கு மடையாண்டதான் நின்னுகினு இருந்தேன். மேனேஜர் இருக்கசொல்ல நான் கை வெச்சா தப்பாயிடும்னு ஒரு பயம். மம்பட்டியப் புடிச்சி கை மறுபடி காய்ச்சிட்டா, நீங்க சேத்துக்க மாட்டீங்கன்னு ஒரு பயம்."

இழையைப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. தறியில் யாரும் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து அண்ணி வந்தார். "கெளம்புங்க ரெண்டு பேரும். பூராவுமா பதராயிருக்கும்? ஒரு புடி தேறுனா பிண்டத்துக்குப் போதும்."

வரப்பில் உட்கார்ந்து கதிர்களை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினோம். முன்னெல்லாம் தருமன் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மணி உதிருமாம். இப்போது உமி கீறி ரத்தம் வந்தது. என் கை அதைவிட மோசம். கதிரையாவது அறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முறத்தில் போடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு பிடி சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணி வாங்கி ஊதினார். பாதி பறந்துபோனது. மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தருமனைப் பார்த்தார்.

"இந்தக் கைய வெச்சிகினு இனிமே எப்பிடிப்பா பொழைப்ப?"

தருமன் ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"காய்ச்சிடும்மா. ஒரு போகம் ஆவும்."