காம்பு தூக்கும் புல்

தச்சன் வைமண்ட் அரிவாள் காம்பில் துளையிடத் தமரை வைத்தபோதுதான் அவிஸ் அவன் கையைத் தடுத்தாள். வேண்டாம் என்றாள்.

அது அவள் புருஷன் ஓஸ்பர்ட்டின் புல்லரிவாள். ஆளுயரக் காம்பு, பிடித்து வீச இரண்டு கைப்பிடிகள், அவன் உயரத்துக்கு அளந்து அடித்தவை. அவன் காய்ச்சலில் போய் மூன்று வாரம். அவளோ அவன் தோளுக்குத்தான் வருவாள். கைப்பிடிகளை இறக்கப் புதுத் துளை போட்டால் காம்பு வலுவிழந்துவிடும்.

பிரபுவின் புல்வெளியில் அறுப்புக்குக் கூலி கிடையாது. பொழுது சாயும்போது, அவரவர் காம்பால் ஒரே தூக்கில் முழங்கால் உயரத்துக்குத் தூக்குகிற புல் அவரவருக்கு. காம்பு முறிந்தால் ஒரு தாள்கூட இல்லை. அவளிடம் மிஞ்சியது ஒரு பசு. புல் இல்லாமல் அது பனிக்காலத்தைத் தாண்டாது.

"இப்படியே நாள் பூரா வீசினா தோள்பட்டை கழண்டுடும் தாயி."

"கழலட்டும்ணே."

யாருடைய தோளைப் பற்றியோ சொல்வது போலிருந்தது. முந்தின வாரம் கொதிக்கிற பார்லிக் கஞ்சி கையில் கொட்டியது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

அறுப்பு நாள் விடியலில் பதினோரு ஆண்களின் வரிசைக்குக் கடைசியாகப் போய் நின்றாள். ராஃப் என்பவன் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, ஓஸ்பர்ட் ஒரே மாசத்துல குள்ளமாயிட்டான்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. அரிவாளை வீசினாள். வீசிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் கைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாலையில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ராஃப் பேராசையாகக் குவித்தான். அவன் காம்பு நடுவில் மளுக்கென்று முறிந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவிஸ் தன் கட்டின்மேல் இன்னும் இரண்டு அணைப்புப் புல்லைப் போட்டாள்.

அறுப்பை மேற்பார்த்த மணியக்காரர் ஹாமோ கிட்டே வந்தார். "போதும்மா. ராஃபுக்கு ஆனதைப் பாத்தியில்ல?"

"பாத்தேன் ஐயா."

மூன்றாவது அணைப்பையும் போட்டாள். காம்பைக் கட்டுக்குள் செருகி, குனிந்து, நிமிர்ந்தாள். மரம் முனகியது, வில்லாக வளைந்தது. வளைந்தபடியே நின்றது.

"முழங்கால் வந்தாச்சு. உன்னோடதுதான், கீழ வை" என்றார் ஹாமோ. பிறகு தணிந்த குரலில் இன்னொரு முறை சொன்னார்.

அவள் வைக்கவில்லை. மூன்று வாரத்தில் முதன்முறையாகத் தோள் வலித்தது. கட்டுக்கு அடியில், நசுங்கிக் கிடந்த புல்லடிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன.