இருநூற்றிலிருந்து பதில் இல்லை

உலகத்தில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளில் பாதி, கொல்கத்தா நியூ டவுனில் தமிழரசன் வேலை பார்த்த கட்டடத்தின் பதினான்காவது மாடியில்தான் இருந்தன. மீதிப் பாதியையும் அவன் தலையில் கட்டிவிடலாமா என்று மேலதிகாரி கௌசிக்தா யோசித்துக்கொண்டிருந்தார். துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருக்கையில் ஆடிட் வந்து சேர்ந்தது.

"ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஐ.பி. முகவரி என்ன, மாஸ்க் என்ன, எதுக்காக இருக்கு, எல்லாம் இந்தத் தாள்ல ஏறணும்," என்றார் கௌசிக்தா வங்காளத்தில். "எதுக்குன்னு சொல்லத் தெரியாததை அஞ்சு மணிக்குள்ள அழிச்சிடு."

"எல்லாத்தையுமா, தாதா?" அந்த ஊரில் மேலதிகாரியும் அண்ணன்தான்.

"உன் செல்லப்பிள்ளை எழுபத்தேழையும் சேர்த்துத்தான். பதினோரு மாசமா தினம் காலையில அதுக்குப் பூஜை பண்றியே, எனக்குத் தெரியாதா?"

தமிழரசன் எழுபத்தேழைத் தாளின் கடைசி வரிக்குத் தள்ளினான்.

எழுபத்தேழு என்பது கொல்கத்தா அலுவலகத்துக்கும் கோயம்புத்தூர் கிளைக்கும் நடுவே சோதனைக்கென்று போட்ட ஒரு தனித்தடம். போட்டவள் அனுராதா. கொல்கத்தாவின் டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவள், நான்கு வருடம் அவனுக்குப் பக்கத்து நாற்காலி. அவளுடைய அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது அவளும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். போவதற்கு முன்னால் இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். போனில் பேசவே கூடாது. பேசினால் அவன் அழுவான், அவள் கத்துவாள். இதை இருவரும் பலமுறை நிரூபித்திருந்தார்கள், ஹூக்ளிப் பாலமே ஒருமுறை ஆடிப்போயிற்று.

"நம்ம கல்யாணத்துக்கு அப்பா சரின்னு சொன்ன அன்னிக்கு என் பக்கத்துல இருநூறாம் எண்ணை ஏத்திடறேன்," என்றாள். "நீ உன் பக்கத்துல பத்தாம் எண்ணைப் போட்டு வெச்சிரு. தினம் ஒரு தடவை பிங் அடி. பதில் வந்தா பெட்டியைக் கட்டிக்கிட்டு வா. வராத வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

மனிதர்கள் புறா விட்டிருக்கிறார்கள், கடிதம் போட்டிருக்கிறார்கள். இவர்கள் சுவிட்சை நம்பினார்கள். அதுதான் அவர்கள் படித்த படிப்பு.

அன்றிலிருந்து காலை ஒன்பதே காலுக்குத் தமிழரசன் பிங் அடிப்பான். 'இருக்கிறாயா?' என்று இயந்திரம் ஐந்து முறை கேட்கும். பதில் வந்தால் ஆச்சரியக்குறி விழும், வராவிட்டால் புள்ளி. ஐந்து புள்ளிகள் விழும். மறுநாளும் ஐந்து. பதினோரு மாதத்தில் அவன் சேர்த்த புள்ளிகளைத் தரையில் வைத்திருந்தால் பக்கத்து சால்ட் லேக் நகர் முழுவதற்கும் கோலம் போட்டிருக்கலாம். நடுவில் அவளிடமிருந்து அலுவலக மின்னஞ்சல்கள் வரும். கீழே 'ரிகார்ட்ஸ், அனுராதா' என்றிருக்கும். அந்த 'ரிகார்ட்ஸ்' என்ற சொல்லை அவன் ஒரு தடவைக்கு நாற்பது தடவை வாசிப்பான். அதில் ஏதாவது சூடு தெரிகிறதா என்று பார்ப்பான். தெரியாது. குளிர்பதன அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எது சூடாகத் தெரியும்?

அவள் அப்பா சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான். அப்படித்தான் அவன் முடிவு கட்டியிருந்தான். ஆனாலும் அந்த முகவரி இருக்கிறவரைக்கும் ஒரு ஜன்னல் திறந்திருப்பதுபோல இருந்தது. இன்று அதையும் சாத்தச் சொல்கிறார்கள்.

மாலை நான்கரைக்குள் மற்ற எல்லாவற்றையும் முடித்தான். கடைசியில் எழுபத்தேழு மட்டும் மிச்சம். அழிப்பதற்கு முன்னால் தாளில் மாஸ்க் எழுத வேண்டுமே! அவன் தினமும் பார்ப்பது சுருக்கப் பட்டியல். அதில் முகவரி இருக்கும், உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று இருக்கும், மாஸ்க் இருக்காது. முதல்முறையாக முழு விவரத்தையும் கேட்டான்.

255.255.255.128.

தமிழரசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். சுவிட்ச் அசையவில்லை.

மாஸ்க் என்பது தெருவின் எல்லைக்கல் மாதிரி. எந்த எண் வரைக்கும் நம் தெரு என்று அதுதான் சொல்லும். கடைசியில் பூஜ்யம் போட்டிருந்தால் இருநூறாம் வீடும் அவன் தெருவில்தான். அவள் விமானம் ஏறிய அன்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அவன் நூற்று இருபத்தெட்டைப் போட்டிருந்தான். தெருவே நூற்று இருபத்தேழாம் எண்ணோடு முடிந்துபோயிற்று. பதினோரு மாதமாக அவனுடைய சுவிட்ச், இருநூறு என்று ஒரு வீடா, வழி தெரியாதே என்று கையை விரித்துக்கொண்டிருந்தது. அவன் கேட்ட ஒரு கேள்விகூடக் கோயம்புத்தூர் போய்ச் சேரவில்லை, அங்கிருந்து கேட்டிருந்தாலும் பதில் திரும்பியிருக்காது.

ஊரில் யார் 'இணைப்பு வரவில்லை' என்றாலும், முதலில் மாஸ்க்கைப் பார் என்று உபதேசிப்பவன் அவன். தன்னுடையதை ஒரு நாளும் பார்க்கவில்லை. பதில் வராதது அவனுக்குப் பழுதாகத் தோன்றவில்லை, தீர்ப்பாகத் தோன்றியது.

மாஸ்க்கைத் திருத்தினான். பிங் அடித்தான்.

முதலில் ஒரு புள்ளி. தமிழரசனின் உயிர் புறப்பட்டுப் போய் வடக்கே பாக்டோக்ரா விமான நிலையத்தையும் தாண்டியது. அப்புறம் நான்கு ஆச்சரியக்குறிகள். முதல் கேள்வி வீட்டைத் தேடுவதில் போய்விடும், அது எப்போதும் அப்படித்தான்.

ஒப்பந்தமாவது ஒன்றாவது! போனை எடுத்தான்.

"அனு, உன் இருநூறு எப்பலேர்ந்து இருக்கு?"

"போன நவம்பர்லேர்ந்து," என்றாள். "நான் போய்ச் சேர்ந்த மூணாவது வாரமே அப்பா சரின்னுட்டார். நானும் உன் பத்துக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்தேன். பதிலே இல்ல. நீ மனசு மாறிட்டேன்னு நெனச்சேன்."

"மாஸ்க் தப்பா போட்டுட்டேன்."

"என்ன போட்டே?"

"நூத்தி இருபத்தெட்டு."

கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான். அவள் கத்தவில்லை. அழுதாள். தன் வேலையை அவள் செய்வதைக் கேட்டு அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இதை அப்பாகிட்ட எப்படிடா சொல்றது? சரின்னு சொல்லியும் வராத அந்தப் பையன் பேச்சே இந்த வீட்ல கூடாதுன்னு பொங்கலுக்கே சொல்லிட்டார்."

"நான் வந்து சொல்றேன்."

"மாஸ்க்குன்னா மூஞ்சியில போடறதுன்னு நெனக்கிற மனுஷன்கிட்ட?"

"தெருவுன்னு சொல்லிப் புரியவெக்கிறேன். நாளைக்கே கிளம்பறேன்."

"ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துக்கிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

"எங்க வீட்ல சோபா சின்னது," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு, "பின்னாடி என்ன இரைச்சல்?"

"சர்வர் அறை, வேறென்ன?"

"அது கிடக்கட்டும். வெளியில எப்படி இருக்கு? பூஜைப் பந்தல் கட்ட ஆரம்பிச்சாச்சா?"

"கீழ மூங்கில் இறக்கறாங்க."

"கேக்கணும் போல இருக்கு."

அந்தக் கட்டடத்தில் ஒரு ஜன்னலும் திறக்காது. மின்தூக்கிக்குக் காத்திருக்கவும் அவனால் முடியவில்லை. பதினான்கு மாடியையும் படிக்கட்டில் இறங்கி, மூச்சு வாங்க வீதிக்கு வந்து, லாரிக்குப் பக்கத்தில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். மூங்கில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. "ஆஸ்தே, ஆஸ்தே!" என்று மெதுவாக இறக்கச் சொல்லி யாரோ கூவினார்கள். தூறல் விழ ஆரம்பித்தது.

போனைக் காதில் வைத்து, "போதுமா?" என்றான்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள் அனுராதா.

அவன் மறுபடியும் கையை உயர்த்தினான்.