நீலக் காரின் முன் சீட்டு

அந்த நாட்டில் புதுக் கார் இறக்குமதிக்குத் தடை போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இருக்கிற கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. வேறெங்கும் கார் பழசாக ஆக விலை இறங்கும், அங்கே ஏறியது. இருபது வருடத்துக் காரை விற்றால் ஒரு சின்ன வீடு வாங்கலாம். ஞாயிறு காலையில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சந்தை கூடும். வாங்க வழியில்லாதவர்களும் வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு திரும்புவார்கள்.

லேத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் நீல நிறத்தில் ஒரு சின்னக் கார் இருந்தது. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில், தேய்ந்ததற்கெல்லாம் மாற்றைத் தானே லேத்தில் கடைந்து மாட்டிக்கொள்வார். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபோது வாரத்தில் மூன்று நாள் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பள்ளம் வந்தால் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவார். "பரவால்ல, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன். நடந்து போறவன் நம்மளத் தாண்டிட்டான்" என்று அவள் சிரிப்பாள். அவள் இறந்து இரண்டு வருடம் ஆயிற்று.

பிறகு அவரே ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. எழுந்து நடந்தாலே பெரிய விஷயம் என்றார் டாக்டர். அதே வாரம், அடுத்த மாதம் தடை நீங்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பழைய கார் இனிப் பேரீச்சம்பழத்துக்குக்கூடப் போகாது என்று ஆளாளுக்குக் கிளப்பிவிட்டார்கள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் பதறிப்போனான். காரை விற்கும் பத்திரத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அரை நினைவில் கிடந்த அப்பாவின் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் ஒற்றினான். ஆஸ்பத்திரிக் காகிதம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

தடை நீங்கவில்லை. விலை இன்னும் ஏறியது. மூன்றாவது மாதம் அவர் கைத்தடி ஊன்றி வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"வண்டிய சர்வீசுக்கு விட்டிருக்கியாடா?"

"வித்துட்டேம்பா. நீங்க இனிமே எந்திரிப்பீங்கன்னு..."

அவர் காலியான கார் நிறுத்துமிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, சாப்பாடு எடுத்து வை. பசிக்குது" என்றார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறி மைதானத்துக்குப் போனார். ஐந்தாவது வாரம் நீலக் காரைப் பார்த்துவிட்டார். அதை வாங்கியிருந்தவர் ஒரு முட்டை வியாபாரி. மனைவியோடு வந்து, பழைய சாமான் விற்பவரிடம் முன் சீட்டு ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கற சீட்டுக்கு என்ன?" என்று கேட்டார் லேத்துக்காரர்.

"படுத்தே கெடக்குதுங்க, நிமிரவே மாட்டேங்குது. வாங்குன நாள்லேருந்து இவ பின்னாடிதான் உக்கார்றா. நாலு மெக்கானிக் பாத்தாச்சு, ஒருத்தனுக்கும் பிடிபடல."

சிகிச்சை முடிந்து வரும்போது லேத்துக்காரரின் மனைவியால் உட்கார முடியாது. படுத்தபடியே வருவாள். மேடுபள்ளத்தில் சீட்டு எழும்பி அவளை உலுக்கக் கூடாது என்று அவர்தான் ஒரு இரும்பு முளை கடைந்து அடியில் செருகியிருந்தார். அவள் போன பிறகும் அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

"வேற சீட்டு வாங்காதீங்க. அத அப்படியே விட்டுருங்க" என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது. முட்டை வியாபாரியின் மனைவி பக்கத்தில் நின்று லேத்துக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கட்டுமா?"

கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு மண்ணில் மண்டியிட்டார். வலது கை இன்னும் சரியாகவில்லை. இடது கையால் துழாவினார். முளை இறுகிப் போயிருந்தது. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை கையோடு வந்தது. சீட்டு 'டக்'கென்று நிமிர்ந்தது.

"அட! கை வெச்சதும் சரியாயிடுச்சே!" என்றார் முட்டை வியாபாரி. அவர் மனைவி முன்னால் ஏறி உட்கார்ந்து, கால்களை நீட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்கண்ணா" என்றாள்.

லேத்துக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். யார் என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் மகன் வாசலிலேயே நின்றிருந்தான். "எங்கப்பா போனீங்க? முட்டியெல்லாம் மண்ணு!"

"நம்ம வண்டியப் பாத்தேன்."

அவன் முகம் வெளுத்தது. "கடன உடன வாங்கியாவது மீட்டுடலாம்பா. நான் போய்ப் பேசறேன்."

"வேணாம்டா. அந்தம்மா முன்னாடி உக்காந்துட்டாங்க."

உள்ளே போனவர் கதவைக்கூடச் சாத்தவில்லை. மனைவி இறந்த அன்றும் வாய்விட்டு அழாதவர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குழந்தைபோல் விம்மி விம்மி அழுதார். மகன் நிலைப்படி வரை வந்தான். அதைத் தாண்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை.