லோரி நுழையாத சந்து

ரப்பர் தோட்டத்தை விட்டுத் திகாம் பத்து டவுனுக்குக் குடிவந்த காளியம்மாவுக்கு இரண்டு வீடுகள் காட்டினார்கள். ஒன்று பெரிய ரோட்டோரம். மற்றது சைக்கிள்கூட இடிக்கும் சந்துக்குள்.

"ரோட்டு வீடுதான் நல்லாருக்குக்கா, காத்து வருது," என்றான் தம்பி இருளப்பன்.

"காத்து மட்டுமா வரும்? லோரியும் வரும்லா. அதுலயும் ஏறிப் பாக்குறியா?"

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த, பெட்ரோல் கிடைக்காத அந்நாளில் ரோட்டில் ஓடியதெல்லாம் அவன் லோரிதான். அப்படியொரு லோரி அவர்கள் இருந்த சுங்கை லாலாங் தோட்டத்துக்கு விடியலில், பேர் கூப்பிடும் பெரட்டு நேரத்தில் ஆள் பிடிக்க வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டார். தோட்டத்து ஆட்கள் பேர் கேட்டால் "இருக்கேன்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள். ஒளிந்திருந்த அவள் புருஷன் ராமையாவும் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்துவிட்டான். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனவன் திரும்பவில்லை. அவளுக்கு மிஞ்சியவன் தம்பி ஒருவன்தான்.

சந்து வீட்டையே எடுத்தாள். "யாரு வந்து பேரச் சொன்னாலும் வாயத் தொறக்காதே," என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினாள்.

மழை பெய்த ஒரு விடியலில் கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"காளியம்மா."

ராமையாவின் குரல். அவள் பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் வாயைப் பொத்தினாள். குரல் மறுபடியும் கூப்பிட்டது. அவள் வாயைப் பொத்த ஆளில்லை.

"இருக்கேன்," என்றாள்.

எழுந்து கதவைத் திறந்தாள். சந்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"யாருக்குக்கா பதில் சொன்னே?" என்றான் இருளப்பன்.