தெளிவற்ற பதில்

"நெஞ்சு வலிக்குதா?" என்று நான் கேட்டபோது அக்கா சட்டென்று ஆமாம் என்றிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. அவள் யோசித்தாள். "வலின்னு சொல்ல முடியாதுடி. ஒரு மாதிரி இருக்கு."

நான் டாக்டர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்களில் யாரைச் சேர்க்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லும் செயலியை வடிவமைத்தவளும் நானே. அதில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பொத்தான்கள். 'ஒரு மாதிரி'யை நான் எங்கே கொண்டு போய் அழுத்துவது? 'இல்லை'யை அழுத்தினேன். திரை பச்சையாயிற்று. "வெறும் வாயுதான். வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்காத" என்று கேலி வேறு. விடிவதற்குள் அவளுக்கு மாரடைப்பு. பாவி, என் கையாலேயே வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்தச் செயலியைச் சோதித்த ஆய்வின்போதும் இப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். 'தெளிவற்ற பதில்' என்று அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினேன். அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடவில்லை. தேடத் தோன்றவுமில்லை. அந்த ஆய்வைப் பற்றித்தான் இன்று மாநாட்டில் பேச வேண்டும். கிளம்பும் முன் அக்கா படுத்திருந்த வார்டுக்குப் போனேன்.

"தலைய ஒழுங்கா வாரிக்கிட்டுப் போ," என்றாள் அக்கா. பேசினாலே மூச்சு வாங்கியது. "அங்க போய் என் கதைய எடுக்காத. உன் பேரு கெட்டுப்போயிடும்."

"நீ பேசாமப் படு."

"நாந்தான் சொல்லத் தெரியாம உளறிட்டேன். உன்மேல என்ன தப்பு?"

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போர்வையை இழுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

மேடையில் எல்லாம் சுமுகமாகவே போனது. திரையில் நான் காட்டிய கடைசிப் படத்தில், 'தவறவிட்ட மாரடைப்பு: ஒன்றுகூட இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முன்வரிசையில் எங்கள் துறைத் தலைவர் முந்திக்கொண்டு கைதட்ட, அரங்கமே தட்டியது. நன்றி சொல்லி இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. கால் நகரவில்லை.

"இது தப்பு சார்," என்றேன் மைக்கில். "தெளிவா பதில் சொல்லலன்னு நான் தூக்கிப் போட்டவங்கள யாரும் எண்ணவே இல்ல. போன வாரம் அப்படி ஒருத்தங்கள நானே வீட்டுக்கு அனுப்பினேன். எங்க அக்கா."

பின்வரிசைகளில் விஷயம் புரியாமல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. துறைத் தலைவரின் கைகள் மட்டும் சேரவும் இல்லை, மடிக்கு இறங்கவும் இல்லை.