ஜெரேயின் இரண்டு தட்டு

லுசாகா நகரத்தில் வாயாடி என்றால் கசூபாதான். விருந்தாளி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிடுவாள். அப்படியும் அவளுடைய 'எலியும் குரங்கும்' பாட்காஸ்டை ஊரே மினிபஸ்ஸில் கேட்டுக்கொண்டு போனதென்றால், அதற்குக் காரணம் கூட உட்கார்ந்திருந்த ஜெரே. அவன் அதிகம் பேசமாட்டான். விருந்தாளி தயங்கி நிற்கும்போது கசூபா வாயைத் திறந்தால், மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டுவான். சும்மா இரு, அவராகவே சொல்லட்டும் என்று அர்த்தம். அப்படிக் காத்திருந்த இடங்களில்தான் மனிதர்கள் மனதைத் திறந்தார்கள்.

அவன் ங்கோனி, இவள் பெம்பா. இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்தில் வெட்டுக்குத்து. அது தீர்ந்து கேலி முறை ஆகிவிட்டது. அவன் இவளைக் குரங்கு தின்னி என்பான், இவள் அவனை எலி தின்னி என்பாள். கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. சாவு வீட்டிலும் அப்படித்தான். எதிர் இனத்து முறைக்காரர்கள் வந்து செத்தவனைத் திட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பினால்தான் போனவன் போவான்.

ஜெரே அம்மாவைப் பார்க்க சிப்பாட்டாவுக்குப் போகும் வழியில் பஸ் கவிழ்ந்து செத்தான். அடக்கத்தன்று கூட்டம் முழுக்க கசூபாவின் வாயைத்தான் பார்த்தது. ஓயாத அந்தப் பாழும் வாய் அன்றைக்கென்று திறக்கவில்லை. கூடப் பிறந்தவள் மாதிரி அழுதுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த பதிவிலேயே தட்டு கேட்டது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி பேசிக்கொண்டே வந்து திணறி நின்றாள். கசூபா வாயெடுத்தாள். ஹெட்போனில் டக், டக். நர்ஸின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. கசூபாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பதிவிலும் கேட்டது. ஒலிப்பதிவு பார்க்கும் லுபிந்தா பொறுக்க மாட்டாமல் அவள் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, மேசைக்குப் போர்வை போட்டாச்சு. மேசையவே மாத்தியாச்சு. இன்னொரு தடவை கேட்டுச்சுன்னா, நான் ஊருக்கு பஸ் ஏறிடுவேன்."

"ஏறு ஏறு. அவனும் அப்படித்தான் ஏறினான்."

"ஐயோ, இதெல்லாம் ஒரு பேச்சா? அவனை முறையா திட்டி அனுப்பிவிடேன். உன் வேலைதானே அது?"

கசூபா அடுத்த விருந்தாளியை உள்ளே கூப்பிட்டாள். 'கசூபா இப்போதுதான் கேட்கக் கற்றுக்கொண்டாள்' என்று நேயர்கள் எழுதிக் குவித்தார்கள். கற்றுக்கொண்டது யார் புண்ணியத்தில் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் போய்விட்டால் இவள் பழைய ஓட்டை வாய்தான். அதுகூடப் பரவாயில்லை. அவனில் மிச்சம் இருந்தது அந்த இரண்டு தட்டு மட்டும்தான். அதற்காகவே தினமும் பயந்து நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் காலையில் ஜெரேயின் அம்மா சிப்பாட்டாவிலிருந்து நேரே வந்து விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடியே குரங்கு தின்னி, என் பிள்ளைய ஏண்டி பிடிச்சு வெச்சிருக்கே?"

"நான் எங்கம்மா பிடிச்சு..."

"அங்க என் கதவைத் தட்டுறான்டி. ரெண்டே தட்டு. திறந்தா யாருமில்ல. படுத்தா தூக்கமில்ல. அழுறதுக்கு நாங்க இத்தனை பேர் இருந்தோம். நீயும் எதுக்குடி அழுதே?"

குழி விழுந்த அந்தக் கண்களைப் பார்த்தபிறகு கசூபா மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். அவனோடு பேசிப் பழகிய இடம் அதுதான். லுபிந்தா பதிவை ஓடவிட்டான்.

"டேய் எலி தின்னி! பொறு பொறுன்னு என் வாயை அடைச்சியே, உனக்கு மட்டும் என்னடா அவசரம்? பெட்டிக்குள்ளகூட அடங்காத காலு, மடக்கி மடக்கித் திணிச்சாங்க! நீ செத்ததைக் கேட்டு சிப்பாட்டா வயல் எலியெல்லாம் பீர் காய்ச்சிக் குடிக்குதாம், இனிமே எங்களுக்கு ஆயுசு கெட்டின்னு. அங்க போயாவது ஊமைக் கோட்டான் மாதிரி உட்காராதே, வாயைத் திறந்து பேசு. போடா. திரும்பிப் பார்க்காமப் போ."

ஜெரேயின் அம்மா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லுபிந்தாவும் சிரித்தான். அறையில் ஏதோ இறுக்கம் விட்ட மாதிரி இருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அம்மா சொன்னாள்: "அன்னைக்கு பஸ்ல இருந்து எனக்கு போன் பண்ணினான்..."

அத்தோடு நின்றுவிட்டாள்.

என்ன சொன்னான் என்று கேட்க கசூபாவுக்கு நாக்குத் துடித்தது. பழக்க தோஷத்தில் தட்டுக்காகக் காதைத் தீட்டினாள். ஒன்றும் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவளாகவே காத்திருந்தாள். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் அடுப்புல மாவு கிண்டிட்டிருந்தேன். கை வேலையா இருக்கு, வந்து பேசுடான்னு வெச்சுட்டேன்."

கசூபா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னமோ சொல்ல வந்திருக்கான். கதவைத் தட்டினது அதைச் சொல்லத்தானோ என்னவோ. எனக்குத் தூக்கம்தான் பெருசாப் போச்சு. இப்ப அனுப்பிவிட்டுட்டோமேடி."

ஒரு தட்டாவது வராதா என்று இருவரும் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது வெறும் மரமாக இருந்தது.