முப்பத்தைந்து கொட்டகை

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பிள்ளைகளுக்கென்று சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே கணக்கு நடத்த மாட்டார்கள். தேறுவதற்கு வேண்டிய முப்பத்தைந்து மார்க்குக்காக ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். அதிலுள்ள படங்களை மனப்பாடமாக வரைந்து பழக வேண்டும். மற்ற பிள்ளைகள் எங்களை 'முப்பத்தஞ்சு' என்றே கூப்பிடுவார்கள். நான் அங்கிருந்துதான் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் தையல் மெஷினோடு உட்கார்ந்தேன்.

இந்த வருஷம், அக்கா என்னை 'லாத்தா' என்று கூப்பிடும் என் தங்கை இஷ்ரத்தும் அதே கொட்டகைக்குப் போனாள். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு அது கிடைக்காது.

புதிதாக வந்த கெசியா டீச்சர் முதல் நாள், ஐந்து செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொன்னார். கொட்டகையில் அத்தனை பேரும் மூன்று செ.மீ. வட்டமே வரைந்திருந்தார்கள்.

"அஞ்சுன்னுதான சொன்னேன். ஏம்மா மூணு?"

"புத்தகத்துல மூணுதான் டீச்சர் இருக்கு" என்றாள் இஷ்ரத்.

டீச்சர் திட்டவில்லை. மறுநாள் எல்லாரையும் வகுப்புக்குள் கூட்டிப் போய், நன்றாகப் படிக்கிறவர்களோடு கலந்து உட்கார வைத்தார். விடை சொன்னால் மட்டும் அவருக்குப் போதாது. ஏன் அப்படி என்று பக்கத்தில் இருப்பவளுக்கும் விளங்க வைத்த பிறகுதான் அடுத்த கணக்கு.

தலைமையாசிரியர் ஆவுடைநாயகம் சாருக்கு இது பிடிக்கவில்லை.

"ரிசல்ட் விழுந்தா நீங்களா டீச்சர் பதில் சொல்லுவீய?"

"நீங்களே வந்து கேட்டுப் பாருங்க சார். சொல்லலன்னா கொட்டகைக்கே திரும்பக் கூட்டிட்டுப் போயிருதேன்."

சார் வருவதாகச் சொன்ன நாளில் இஷ்ரத் காம்பஸ் பெட்டியை வீட்டிலேயே மறந்து போனாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் ஜன்னலோரம் போய் நின்றபோது சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். வட்டத்தின் ஆரம் ஆறு செ.மீ. மையத்திலிருந்து நான்கு செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி. அதிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைக.

எல்லாரும் குனிந்து வரைய ஆரம்பித்தார்கள். இஷ்ரத் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"என்னட்டி, சும்மா இருக்க?"

"அவ முப்பத்தஞ்சு சார்" என்றாள் முன்வரிசையிலிருந்த ப்ரீதா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஜன்னல் கம்பி வழியாகப் பெட்டியை நீட்டினேன். "பெட்டி இந்தா இருக்கு சார்."

இஷ்ரத் திரும்பிப் பார்த்தாள். "வேண்டாம் லாத்தா." பிறகு எழுந்து நின்றாள். "இத வரைய முடியாது சார்."

"ஒனக்கு முடியாதா, யாருக்குமே முடியாதா?"

"யாருக்குமே சார்."

"ஏன்?"

"ஆரம் ஆறு. புள்ளி நாலுலயே கெடக்கு. அப்போ அது வட்டத்துக்கு உள்ள இருக்கு. தொடுகோடுன்னா வட்டத்த ஒரே எடத்துல தொட்டுட்டுப் போவணும். உள்ள இருந்து எப்படி இழுத்தாலும் கோடு ரெண்டு எடத்துல வெட்டுமே சார்."

பென்சில்கள் நின்றன. யாரோ ரப்பரைத் தேடினார்கள்.

சார் சாக்பீஸை மேஜையில் வைத்தார். "கொட்டகைப் பிள்ளைன்னா யோசிக்காம வரைஞ்சிரும் டீச்சர். அதுக்குத்தான் இதக் கேட்டேன்." வாசல்வரை போனவர் நின்றார். "இனிமே அந்தக் கொட்டகையிலயும் சைக்கிளே நிக்கட்டும்."

கெசியா டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ப்ரீதா தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு இஷ்ரத்தின் பெஞ்சுக்கே வந்துவிட்டாள். "ஏட்டி, ரெண்டு எடத்துல எப்படி வெட்டும்? ஒருக்கா வரைஞ்சு காட்டு."

இஷ்ரத் ஜன்னலுக்குக் கையை நீட்டினாள்.

"இப்பம் குடு லாத்தா."